மூன்றாவது கியர்

“நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே வேணாம். பகடையை உருட்டி ‘நில்லு’ன்னு சொன்னேன்னா, கோயில்வெண்ணி ரோட்டுல போற வேன் நிக்கும். தெரிஞ்சுக்க.”

வேதநாயகம் இதைச் சொன்னபோது அவருடைய காது இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. நீடாமங்கலம் ஜங்ஷனில் சிக்னலுக்காக நின்றிருந்த சரக்கு ரயிலின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஊருக்குள் என்ன கலவரம் என்று பார்த்தாராம். வீட்டுக்கும் ஜங்ஷனுக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர்.

“நிக்காது அத்தான்” என்றான் ஜோசப்ராஜ்.

ஜோசப்ராஜ் அவருடைய மனைவி இருதயம்மாளின் தம்பி. வயது ஐம்பத்தெட்டு. ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு ரைஸ்மில் வைத்திருப்பவன். பிறந்ததிலிருந்து எதையும் நம்பாதவன். ஞானஸ்நானத் தொட்டியில் இருப்பது தண்ணீர்தானா என்று விரலை விட்டுப் பார்த்த குழந்தை என்று சர்ச் பங்கில் இன்றும் பேச்சு உண்டு.

கலவரத்துக்குக் காரணம் ஒரு விளையாட்டு. மகள் லின்சி பெங்களூரிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மறந்துவிட்டுப் போன பெட்டி அது. அதில் இலந்தைப் பழம் அளவில் இருபது முகம் கொண்ட பகடை ஒன்றும், தலையணை கனத்துக்கு ஒரு விதிப் புத்தகமும் இருந்தன. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, கதைக்குள் தான் இன்னது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

புத்தகம் முழுக்க நெருப்புக் கக்கும் பாம்புகளும் சுரங்கப் பூதங்களும். முப்பத்து நாலு வருஷம் நெல் கொள்முதலில் இருந்து, மூட்டைக்குள் கையை விட்டே ஈரப்பதம் சொன்ன வேதநாயகத்துக்குப் பூதங்கள் மேல் மரியாதை வரவில்லை. அவரே ஒரு கதை கட்டினார். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்க வழியில்லாமல் தவிக்கும் ஒரு நாடகக் கம்பெனி. ஒன்பது பேர், ஓர் ஓட்டை வேன், இரண்டு கட்டை ஊமையாகிப் போன ஆர்மோனியம். ஏழு மாதமாக, ஞாயிறு தவறாமல், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டுக் கூடத்தில் அந்தக் கம்பெனி டெல்டா முழுவதும் அலைந்துகொண்டிருந்தது. இருதயம்மாள் அதில் ராஜா வேஷக்காரர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அப்துல் அஜீஸ் வேன் டிரைவர். ஜோசப்ராஜ் ஆர்மோனியக்காரர்.

இந்த மூன்று பேரும் ஒரே ஒரு தடவையாவது கஷ்டப்பட வேண்டும் என்பதுதான் வேதநாயகத்தின் ஆசை. அதுதான் நடக்கவில்லை. டெல்டாக்காரர்களை டெல்டாவிலேயே பட்டினி போடுவது எவ்வளவு சிரமம் என்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். அரிசி தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னால், தாளடி அறுப்பு நடக்கிறது, ராஜா களத்துக்குப் போய் இரண்டு நாள் நெல் தூற்றுகிறார் என்பாள் இருதயம்மாள். வேதாரண்யத்தில் புயலடித்து மேடை பறந்துவிட்டது என்றால், மாசி மாதத்தில் ஏது புயல் என்று ஜோசப்ராஜ் மல்லுக்கு நிற்பான்; அஜீஸ் பாய் எல்லாரையும் பள்ளிக்கூடத்து நிவாரண முகாமில் சேர்த்துவிட்டு சாம்பார் சாதப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்பார். தங்க இடமில்லை என்றே சொல்ல முடியாது. அஜீஸ் பாய்க்கு எல்லா ஊரிலும் சிநேகிதர்கள். வேதநாயகம் கற்பனையாக உண்டாக்கிய ஊரில்கூட அவருக்கு ஒரு கொழுந்தியாள் வீடு இருந்தது.

அதனால் அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது. “வேன் நின்னு போச்சு. கோயில்வெண்ணி தாண்டி, செங்கல் சூளைக்கு எதிர்ல. மூணாவது கியர் விழல. மழை. உள்ள ஒன்பது பேரு, காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி கிடையாது. பேசி வச்ச ஊரும் கைவிட்டுப் போச்சு.”

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேன் எப்படி நிற்கும் என்று ஜோசப்ராஜ் கேட்டான். போன ஞாயிற்றுக்கிழமைதான் கதைக்குள் ஆயில் மாற்றியிருந்தார்களாம். அதற்குப் பதிலாகத்தான், நாற்காலியிலிருந்தே வேனை நிறுத்துவேன் என்று வேதநாயகம் அந்தப் பெருமையை அடித்துக்கொண்டது.

“அத்தான், நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரே ஒரு தடவை, நாலு பேரு நடுவுல, ‘நான் சொன்னது பொய்’னு உங்க வாயால சொல்லுங்க. அன்னிக்கு நீங்க என்ன சொன்னாலும் நம்புறேன்.”

“அந்த நாள் வராதுடா.”

இந்த வாக்குவாதத்தின் நடுவே அஜீஸ் பாய் சும்மா இருக்கவில்லை. அவர் நியாயஸ்தர். மூன்றாவது கியர் விழாத வேனை ரோட்டோரத்திலேயே சரிசெய்ய முடியுமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்காமல் கதையில் எதையும் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. மன்னார்குடி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் சிங்காரவேலுவைப் போனில் பிடித்தார். வேதநாயகம் சார் வீட்டிலிருந்து பேசுவதாகத் தொடங்கி, வேன், செங்கல் சூளை, நாடகக்காரர்கள், ஒன்பது பேர், பட்டினி என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். சந்தேகத்தைக் கேட்பதற்குள் சிங்காரவேலு முந்திக்கொண்டான்.

“பத்து நிமிஷம் பாய்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. பைக்கில் ஏறிவிட்டான் என்று அர்த்தம்.

வேதநாயகம் விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயாவது போன் பண்ணலாம் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டார். அவர் கத்திய அதிர்ச்சியில் மேஜை மேலிருந்த பகடை தானாக உருண்டு பத்தொன்பதைக் காட்டியது. வெளியே நிஜமாகவே தூற ஆரம்பித்தது. அந்தக் கோபத்திலும் “மழை வந்துடுச்சு, பாத்தியா” என்று ஜோசப்ராஜைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார். பிறகு அவனையே ஸ்கூட்டரில் அனுப்பினார். இல்லாத வேனைத் தேடிப் போன மெக்கானிக்கைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

போனவன் மூன்று மணி நேரம் கழித்து வந்தான். முழங்கால் வரை சேறு. உள்ளங்கை இரண்டும் கருப்பு.

“ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. சிங்காரவேலு திரும்பிட்டான் போலருக்கு” என்றான். உழுது போட்ட வயலில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னான். மத்தியானம் மிஞ்சிய சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டான். அன்று அவன் ரசத்தைக்கூடச் சந்தேகப்படவில்லை. ஈரத்தில் காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்து அக்காக்காரி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவன் மறுபடி வந்து, வீட்டிலிருந்த பெரிய அண்டாவைக் கேட்டான். அவன் மனைவி ஜூலியட் மகள் பிரசவத்துக்காக வேதாரண்யம் போய் ஒரு மாதம் ஆகிறது. தனிக்கட்டைக்கு நாற்பது பேருக்குப் பொங்கும் அண்டா எதற்கு என்று வேதநாயகம் கேட்டார். கோழிக்குத் தவிடு கலக்க என்றான். கேள்வியை நீட்டியிருப்பார். அதற்குள் வாசலில் சிங்காரவேலுவின் பைக் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தார். சிங்காரவேலுவின் கையில் ஸ்பானர். அதன் நீளம் இரண்டடி இருக்கும். வேதநாயகத்தின் கண்ணுக்கு அது நாலடியாகத் தெரிந்தது. மழையில் வீணாக அலைந்தவன் கணக்குத் தீர்க்க வந்துவிட்டான் என்று முடிவு செய்து, கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டினார். அவளும் சொன்னாள். சிங்காரவேலு ஏதோ சொல்ல வந்தவன், வாசலில் நின்ற ஜோசப்ராஜைப் பார்த்தான். பிறகு பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அஜீஸ் பாய் அதே பயத்தில் தன் போனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை நாவலங்குடியிலிருந்து வைரக்கண்ணு வந்தார். ஊர்த் திருவிழாவை எடுத்து நடத்துபவர். வேதநாயகம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதுமே பழக்க தோஷத்தில் கொல்லைக்குப் போயிருந்தார். வைரக்கண்ணு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூவெல்லாம் வைத்து இருதயம்மாளிடம் நீட்டினார். கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் இருபத்திரண்டு வருஷம் டீச்சர். வைரக்கண்ணு அவளிடம்தான் எழுதப் படிக்கக் கற்றார்.

காப்பியைக் குடித்துவிட்டு அவர் கிளம்பும்போதுதான் விஷயமே வந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அவர்கள் பேசியிருந்த நாடகம் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். “சாருகிட்ட ஒன்பது பேரு கம்பெனி இருக்குன்னு மெக்கானிக் தம்பி சொல்லுச்சு டீச்சர். கண்ணால பாத்துச்சாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துரச் சொல்லுங்க.”

நாடகத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்கியது கையெழுத்துப் போட்டதற்கும் மேல். தட்டை வாங்கியவர் வாக்குக் கொடுத்தவர். அம்மன் காரியத்தில் அதைத் திருப்பித் தந்தால் ஊரையே வாசலிலிருந்து விரட்டியதாக ஆகும்.

வேதநாயகம் கொல்லையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் துள்ளிய துள்ளலில் கூடத்து மின்விசிறி தப்பியது பெரிய காரியம். சிங்காரவேலு கண்ணால் பார்த்தானாமே, எதைப் பார்த்தான், பழி வாங்குகிறான் பாவி, என்று குதித்தார். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கக் கூடாதா என்று மனைவி மேலும் பாய்ந்தார்.

“கொல்லைக் கதவுக்குப் பின்னால வந்தா கேக்குறது?” என்றாள் இருதயம்மாள். அவள் குரல் உயரவில்லை. “தட்டு வாங்குனது என் கை. என்கிட்டப் படிச்ச புள்ளைங்க அந்த ஊர்ல முந்நூறு பேரு இருக்காங்க. வெள்ளிக்கிழமை அந்த மேடையில ஒரு கம்பெனி நிக்கணும். நிக்கலேன்னா, நீங்க இனிமே இந்த வீட்ல யாருக்கும் கதை சொல்ல வேணாம்.”

அன்று சாயங்காலத்துக்குள் அவர் தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று போனில் பிடிக்காத நாடகக்காரர் பாக்கியில்லை. ஆடியில் அவர்களுக்கு மூச்சுவிடவே நேரமில்லை. எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் தைக்குக் கேளுங்கள் என்றார்.

புதன்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தட்டைத் திருப்பத்தானே கூடாது, அவர்களாகவே வேண்டாம் என்று சொல்லவைத்தால்? நாவலங்குடியில் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லைக்குள் கவிச்சி வாடை கூடாது. வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டு, கம்பெனிக்காரர்களுக்கு விரால் மீன் குழம்பு இல்லாவிட்டால் தொண்டை திறக்காது, ஒன்பது பேருக்கும் அதுதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஊரில் கேட்டுச் சொல்வதாக வைரக்கண்ணு போனை வைத்தார். வேதநாயகம் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஊர்க் கூட்டம் போட்டுப் பேசினார்களாம். எல்லைக்கு வெளியே பம்புசெட்டில் வைத்துச் சமைக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டார்களாம். வெண்ணாற்றில் விரால் பிடிக்க நாலு பேர் இறங்கிவிட்டார்களாம். கலைஞர்கள் கேட்டதைக் கொடுக்காவிட்டால் ஊருக்கு என்ன மரியாதை என்றார் வைரக்கண்ணு.

வேதநாயகம் போனைத் தூக்கி எறிந்தார். அது சோபாவில் விழுந்து பிழைத்தது.

அந்த நேரம் பார்த்து ஜோசப்ராஜ் வந்து, அக்காவிடம் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் கேட்டான். ஸ்கூட்டர் செயினுக்காம். ஸ்கூட்டருக்குச் செயினே கிடையாது என்பது அப்போதிருந்த கோபத்தில் அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னடா செய்வது என்று வேதநாயகம் அவனிடமே கேட்கும்படி ஆயிற்று.

“இல்லாத கம்பெனிக்கு நான் என்ன பண்றது அத்தான்? போயி, ‘நான் சொன்னது பொய்’னு சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு.”

“என்னிக்கும் சொல்ல மாட்டேன்.”

“அப்ப விரால் குழம்பை நீங்களே ஒன்பது இலையில உக்காந்து சாப்பிடுங்க.”

வியாழக்கிழமை அவர் நாவலங்குடிக்கே போனார். பொய் என்ற வார்த்தையைத் தொடாமல், வேறு எப்படியாவது சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம். இறங்கியதுமே வேட்டுப் போட்டார்கள். தோளில் துண்டு போர்த்தினார்கள். பந்தல்காலை அவர் கையால் நடவைத்தார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். கம்பெனி வருவது கொஞ்சம் கஷ்டம் என்று அவர் ஆரம்பித்தார்.

“கஷ்டப்படுற கம்பெனின்னு தெரிஞ்சுதான் சார் கூப்பிட்டோம்” என்றார் வைரக்கண்ணு. ஊர் கைதட்டியது.

வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு மேடையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு பகடை. இருதயம்மாள் கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு ராஜாவின் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அஜீஸ் பாயை வீட்டுக்கே போய்க் கூட்டி வந்திருந்தார்கள். ஜோசப்ராஜ் மேடை ஏற மறுத்துவிட்டான்; கையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அந்த முகம் கண்ணில் படாமலிருக்க வேதநாயகம் தன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

கதையைச் சொல்லி, பகடையை உருட்டி, இழுத்துக்கொண்டே போனால் கூட்டம் சலித்துக் கலைந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனவே இருக்கிற கோபத்தையெல்லாம் கம்பெனியின் தலையில் கொட்டினார். வேனை நிறுத்தினார். ஆர்மோனியத்தை மழையில் நனையவிட்டார். ராஜாவின் ஒட்டுமீசையை எலி தின்றது. பெண் வேஷம் கட்டுகிறவருக்கு நூற்றி நாலு டிகிரி காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் பகடை உருண்டது, ஒவ்வொரு தடவையும் சின்ன எண்ணே விழுந்தது.

கூட்டம் கலையவில்லை. வளையல் கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேடைக்கு அடியில் வந்து குந்திக்கொண்டார். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. ஏழு மாதமாக அவர் ஆசைப்பட்ட கஷ்டம் ஒருவழியாக எண்ணூறு பேருக்கு வந்து சேர்ந்தது.

அவர் குரலை இன்னும் ஏற்றப் போனார். அப்போது வைரக்கண்ணு மெல்ல மேடையோரம் வந்து, வயலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். எல்லைக்கு வெளியே பம்புசெட்டு விளக்கடியில் பாய் விரித்து ஒன்பது இலை போட்டிருந்தது. இலை பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு தண்ணீர்ச் செம்பு.

“அவங்க வந்து சாப்பிடட்டும் சார். ஊர்ல இன்னும் யாரும் சாப்பிடல. பசியோட வர்றவங்க முன்னாடி நாங்க எப்படிச் சாப்பிடுறது?”

வேதநாயகம் பகடையை உருட்டினார். ஒன்று.

அவர் அந்த ஒன்பது இலையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தாம்பாளம் வாங்கிய கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, தன்னிடம் படித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் குனிந்திருந்தாள். அஞ்சு நாளாகச் சுமந்த கோபத்தை இறக்கிவைக்க அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. இதற்கெல்லாம் காரணம் சிங்காரவேலு இல்லை, அஜீஸ் பாய் இல்லை, இருதயம்மாள் இல்லை. எல்லாரையும் சுற்றிவிட்டு அது அவரிடமே வந்து நின்றது.

மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

“அந்த இலையெல்லாம் எடுத்துடுங்க. அப்படி ஒரு வேன் இல்ல. அப்படி ஒன்பது பேரு இல்ல. டீச்சர் மேல எந்தத் தப்பும் கிடையாது.” மேஜை மேலிருந்த பகடையைத் தள்ளி வைத்தார். “நான் சொன்னது பொய்.”

ஒலிபெருக்கி அதை நாலு வயல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எண்ணூறு பேருக்கு நடுவில் முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

ஜோசப்ராஜ் எழுந்து மேடைக்கு வந்தான். உள்ளங்கையில் கிரீஸ் இன்னும் முழுக்கப் போயிருக்கவில்லை. அத்தான் கையிலிருந்து மைக்கை வாங்கினான். அதைத் தட்டிப் பார்த்து, வேலை செய்கிறதா என்று சந்தேகம் தீர்த்துக்கொண்டான்.

“மூணாவது கியர் இல்ல அத்தான், ரெண்டாவது கியரு, மத்தபடி ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னது அம்புட்டும் செங்கல் சூளைக்கு எதிர்ல அப்படியே நடந்துச்சு, நானும் சிங்காரவேலும்தான் சேத்துலேர்ந்து வேனைத் தள்ளுனோம், ஒன்பது பேரும் என் ரைஸ்மில்லுல வேஷம் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, கூட்டியாரட்டுமா?”